யாழும் கிற்றாரும்: முதற்கருவி செய்தோர் வரலாறு

கல்முனையிலிருந்து தெற்கே செல்லும் கடற்கரைப் பெருந்தெரு சாய்ந்தமருதையும் மாளிகைக்காட்டையும் கடந்து காரைதீவை அடைகின்றது. காரைதீவுக்கு அப்பால் நிந்தவூர். கல்முனைக்கு வடக்கே, கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற மருதமுனை. ஒருபுறம் கடல், மறுபுறம் நெல்வயல், இடையிலே முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள். வழிபாடு வேறாயினும் இவ்வூர்களின் பேச்சும் பாட்டும் தமிழே. இந்தக் கரையிலே, காரைதீவில், 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனன் என்னும் குழந்தையே பிற்காலத்தில் சுவாமி விபுலானந்தர் என்று தமிழுலகம் போற்றிய பெரியார்.

அவரைத் துறவியாகவும் கல்லூரி நிறுவியவராகவும் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் அறிந்தோர் பலர். ஆனால் அவருடைய வாழ்வின் நீண்ட முயற்சி ஓர் இசைக்கருவியைப் பற்றியதாயிருந்தது. அக்காலத்து வாழ்ந்த தமிழர் எவரும் கண்ணாற் கண்டிராத, செவியாற் கேட்டிராத ஒரு கருவியைப் பழைய நூல்களின் சொல்லையும் கணக்கின் துணையையும் கொண்டு மீண்டும் உருவாக்க அவர் முற்பட்டார். அக்கருவியே யாழ்.

கருவி செய்யும் தொழிலிற் பிறவாத ஒருவர் தமது முதற்கருவியைச் செய்யத் துணிவது எக்காலத்தும் எந்நாட்டிலும் நிகழ்வதுதான். இன்று மின்கிற்றாரில் ஆசை கொண்ட இளைஞர் சிலர் கடையில் தொங்கும் கிற்றாரை வாங்குதலை விடுத்துத் தம் கைக்கும் காதுக்கும் ஏற்ற ஒன்றைத் தாமே செய்ய எண்ணுகின்றனர். காரைதீவுத் துறவிக்கும் இவ்விளைஞருக்கும் இடையே தூரம் மிகப் பெரிது. ஆயினும் முதல் நாளிலே இருவரையும் எதிர்கொண்டு நிற்பது ஒரே வினா: நரம்பு எங்கே தொடங்கி எங்கே முடிதல் வேண்டும்? வாளை எடுத்து மரத்தை அறுக்குமுன் இவ்வினாவுக்கு விடை கண்டாக வேண்டும். அழகும் வண்ணமும் பிற்பாடு வருவன. அளவு முன்னே வருவது. இவ்வளவைத் தேடிய மாந்தரின் வரலாறே இப்பேச்சின் பொருள்.

யாழ் என்பது பண்டைத் தமிழரின் முதன்மையான நரம்புக்கருவி. சங்க காலத்துப் பாணர் அதனைத் தோளிற் சுமந்து ஊரூராகச் சென்றனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை யாழாசிரியனின் இலக்கணத்தை விரித்துரைக்கின்றது. அந்நூலுக்கு உரை வரைந்த அடியார்க்குநல்லார் 21 நரம்புடைய பேரியாழையும் 7 நரம்புடைய செங்கோட்டியாழையும் வேறு சிலவற்றையும் வகுத்துக் கூறுகின்றார். கி.பி. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரோடு உடன்சென்று யாழ் மீட்டிய திருநீலகண்ட யாழ்ப்பாணரின் பெயரைச் சைவ உலகம் மறக்கவில்லை. ஆயினும் அதன் பின்னர் வந்த நூற்றாண்டுகளில் வீணை மேலோங்கியது. யாழ் மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. இறுதியில் அதன் பெயர் ஏட்டில் மட்டும் எஞ்சியது. யாழும் வீணையும் ஒன்றே என்று கருதியோரும் உளர்.

அவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை அறிதல் இங்கு இன்றியமையாதது. வீணையிலே ஒரு நரம்பின்மேல் விரலை அழுத்தி, மெட்டு மெட்டாக நகர்ந்து, பல சுரங்களைப் பெறலாம். பழைய வில்வடிவ யாழிலே மெட்டு இல்லை. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். ஏழு சுரம் வேண்டின் ஏழு நரம்பு வேண்டும். வளைந்த தண்டின் அடியிலுள்ள நரம்பு குறியதாகவும், நுனியை நோக்கிச் செல்லச் செல்ல நெடியதாகவும் அமையும். அமராவதிச் சிற்பங்களிலே இத்தகைய வில்யாழைக் காணலாம். மியன்மார் நாட்டிலே சௌங் என்னும் பெயருடன் இக்குடும்பத்தைச் சேர்ந்த கருவி இன்றும் மீட்டப்பட்டு வருகின்றது. தமிழகத்திலோ அது முற்றாக மறைந்தது.

மறைந்ததன் உருவத்தைத் தமிழ்ப் புலவர் சொல்லில் வைத்துச் சென்றனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படை யாழின் உறுப்புக்களை ஒவ்வொன்றாக எடுத்து உவமை கூறுகின்றது. பத்தர் என்னும் அடிப்பாகம் மான் குளம்பு பதிந்த சுவட்டைப் போல நடு உயர்ந்து இருபுறமும் தாழ்ந்திருக்கும். அதன்மேற் போர்த்த தோல் விளக்கின் சுடர்நிறம் கொண்டது. துளைகளை அடைத்து நிற்கும் ஆணிகள் வளையில் வாழும் நண்டின் கண்களை ஒப்பன. வறுவாய் எட்டாம் நாட் பிறைபோன்றது. தண்டு பாம்பு தலையெடுத்ததுபோல் ஓங்கியிருக்கும். நரம்பை இறுக்கிப் பிணிக்கும் திவவு என்னும் வார்க்கட்டு, மாநிறப் பெண்ணின் முன்கையில் அணிந்த வளையல்களை ஒத்தது. கடற்கரையிலே நண்டு வளையைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு அந்த ஆணியின் தோற்றம் உடனே விளங்கும். பத்தரின்மேல் தோல் போர்த்தும் முறையும் இக்கரைக்குப் புதிதன்று. பக்கீர்மார் பாடும்போது கையிலேந்தும் றபானும் மரத்தின்மேல் தோலை இழுத்துக் கட்டி ஒலி பெறுவதே.

ஆனால் உவமை உருவத்தைத் தரும், அளவைத் தராது. பாம்பு எவ்வளவு உயரம் தலையெடுத்தது? பிறையின் அகலம் எத்தனை விரற்கடை? புலவர் கூறவில்லை. கேட்போர் யாழை நாள்தோறும் கண்டவர்களாதலின் கூற வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கருவி மறைந்த பின்னரே அக்குறை தெரியவந்தது. ஆகவே யாழைச் செய்ய முயல்வோர் இலக்கியத்தோடு கணிதத்தையும் ஒலியியலையும் கற்றிருத்தல் வேண்டும். இவை யாவும் ஒருவரிடத்தே சேர்வது அரிது. காரைதீவு மயில்வாகனனிடத்தே சேர்ந்தன.

அவருடைய கல்வியின் போக்கே அதற்குக் காரணம். கல்முனையில் மெதடிஸ்த மிஷன் நடத்திய ஆங்கிலப் பாடசாலையிற் பயின்று, பின்னர் மட்டக்களப்பு அர்ச். மைக்கேல் கல்லூரியிற் கற்றார். கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்றார். அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிலே விஞ்ஞானம் பயின்று 1916ஆம் ஆண்டு டிப்ளோமாப் பட்டயம் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் வெற்றி கண்டார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞான ஆசிரியராக இருந்தார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். இவ்வாறு ஒரு கையிலே விஞ்ஞானமும் மறு கையிலே பழந்தமிழும் கொண்டு நின்ற அவர் 1922ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார். 1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். யாழ் பற்றிய அவருடைய ஆராய்ச்சி ஏறத்தாழ 14 ஆண்டு நீடித்தது என்பர்.

காலமும் அவருக்குத் துணைசெய்தது. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889ஆம் ஆண்டும் சிலப்பதிகாரத்தை 1892ஆம் ஆண்டும் உரையோடு அச்சிற் பதிப்பித்தார். விபுலானந்தர் பிறந்த ஆண்டே சிலப்பதிகாரம் அச்சேறிய ஆண்டு. முந்திய தலைமுறையினர் ஓலைச்சுவடியைத் தேடி அலைய வேண்டியிருந்த செய்திகள், இவர் கற்கத் தொடங்கியபோது புத்தகமாகக் கைக்கு எட்டின. தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் தமது கருணாமிர்த சாகரத்தை 1917ஆம் ஆண்டு வெளியிட்டுத் தமிழிசையின் அலகுக் கணக்கைப் பற்றிப் பெரிய விவாதத்தைத் தொடக்கி வைத்திருந்தார்.

அந்தக் கணக்கு யாது? பழந்தமிழர் ஏழு சுரங்களையும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று வழங்கினர். இவற்றுக்குரிய அலகுகளை முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என்று கூறுவர். கூட்டினால் 22 ஆகும். இவ்வலகுகளை நரம்பின் நீளமாக மாற்றினாலன்றிக் கருவி பிறவாது. நரம்பின் தடிப்பும் இறுக்கமும் மாறாதிருக்க, நீளம் குறையுமளவுக்குச் சுரம் உயரும் என்பது ஒலியியலின் அடிப்படை விதி. 36 அங்குல நரம்பு ஒன்று குரலை ஒலிப்பதாகக் கொள்வோம். அதனைச் சரிபாதியாக்கி 18 அங்குலத்தில் மீட்டினால் அதே குரல் மேல்நிலையில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காகிய 24 அங்குலத்தில் இளி பிறக்கும். நான்கில் மூன்று பங்காகிய 27 அங்குலத்தில் உழை பிறக்கும். ஒரு பலகையும் ஒரு கம்பியும் ஓர் அளவுகோலும் இருந்தால் பள்ளிச் சிறாரும் இதனைச் செய்து பார்த்து உணரலாம்.

இளியே இதில் திறவுகோல். குரலிலிருந்து இளியைக் கண்டு, அந்த இளியைக் குரலாக வைத்து அடுத்த இளியைக் கண்டு, இவ்வாறே சென்றால் ஏனைய சுரங்களெல்லாம் ஒவ்வொன்றாகக் கிடைக்கும். பன்னிரண்டு முறை சென்றதும் புறப்பட்ட குரலுக்கே மீள வேண்டும் என்று மனம் எதிர்பார்க்கின்றது. ஆனால் கணக்கு அவ்வாறு முடிவதில்லை. 128 என வரவேண்டிய எண் ஏறக்குறைய 129.75 என வருகின்றது. இந்தச் சிறு மிகுதி கிரேக்கரையும் அரபியரையும் சீனரையும் தமிழரையும் ஒருங்கே தொல்லைப்படுத்திய ஒன்று. அதனை எங்கே மறைப்பது, எவ்வாறு பகிர்வது என்பதே உலகத்து இசைக் கணிதத்தின் பெரும்பகுதி.

இரு வழிகள் உண்டு. செவிக்கு மிக இனிய பின்னங்களை அப்படியே வைத்துக்கொண்டு அலகுகள் சமமின்றி அமைய விடுவது ஒன்று. மிகுதியை எல்லா இடைவெளிகளுக்கும் சமமாகப் பங்கிட்டுவிடுவது மற்றொன்று. ஆபிரகாம் பண்டிதர் சம பங்கீட்டை ஏற்று 24 அலகு என வாதித்தார். விபுலானந்தர் உரையாசிரியர்களின் 22 அலகைக் கைக்கொண்டு பின்னங்களின் வழியே சென்றார். இருவரும் தமிழிசையின் பெருமையை நிலைநாட்டவே முயன்றனர், கணக்கிலே வேறுபட்டனர். இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. கருவி செய்வோரின் அளவுகோலிலே நேராக வந்து விழுவது.

இதனை விளக்கக் கிற்றார் மிகவும் ஏற்ற கருவி. கிற்றாரின் வரலாற்றிலே அரபு நாட்டுக்கும் பங்குண்டு. அரபியரின் ஊது என்னும் நரம்புக்கருவியின் பெயர் மரம் என்று பொருள்படும். பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் அல்பாராபி தமது இசைப் பெருநூலிலே ஊதின் தண்டியில் விரல் வைக்கும் இடங்களை நரம்பின் பின்னங்களாகவே கணக்கிட்டுக் காட்டினார். முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயின் நாட்டின் வழியாக அக்கருவி ஐரோப்பாவை அடைந்து, அங்கே லூட் என்னும் பெயரைப் பெற்றது. ஸ்பெயினிலேயே கிற்றாரும் வளர்ந்தது. அதன் பெயரோ கித்தாரா என்னும் பழைய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. ஆகவே பாக்தாத்தின் கணக்கும் தமிழ்ப் பாணரின் கணக்கும் ஒரே இயற்கை விதியின் இரு வடிவங்கள்.

ஐரோப்பியர் தம் நரம்புக்கருவிகளுக்கு மெட்டுப் பொருத்தும்போது சம பங்கீட்டின் வழியே சென்றனர். இத்தாலியரான வின்சென்சோ கலிலி, விண்ணாய்வாளர் கலிலியோவின் தந்தை, 1581ஆம் ஆண்டு ஒரு விதி கூறினார்: நரம்பின் நீளத்தைப் 18ஆல் வகுத்து முதல் மெட்டை அமைக்க, எஞ்சிய நீளத்தை மீண்டும் 18ஆல் வகுத்து இரண்டாம் மெட்டை அமைக்க. கைத்தொழிலாளர் நூற்றாண்டுகளாக இவ்விதியைப் பின்பற்றினர். இன்று நுட்பமாகக் கொள்ளும் எண் 17.817 ஆகும். வேறுபாடு அற்பமெனத் தோன்றும். ஆனால் 648 மில்லிமீற்றர் நீளமுள்ள நரம்பிலே 18 என்ற எண்ணைக் கொண்டு பன்னிரண்டு மெட்டு நகர்ந்தால், 324இல் நிற்க வேண்டிய நடுமெட்டு ஏறத்தாழ 2.4 மில்லிமீற்றர் தவறிப்போகும். தேர்ந்த செவி அப்பிழையை உடனே உணரும்.

சம பங்கீட்டால் இளிக்கு நேரும் நட்டம் சிறிது. அதே 648 மில்லிமீற்றர் நரம்பிலே பின்னக் கணக்கின்படி இளியின் மெட்டு தலைப்பிலிருந்து 216 மில்லிமீற்றரில் நிற்கும்; சம பங்கீட்டின்படி 215.5இல் நிற்கும். அரை மில்லிமீற்றரே வேறுபாடு. ஆனால் அந்தரகாந்தாரத்தின் நிலை அவ்வாறன்று. ஐந்தில் நான்கு பங்கு என்னும் இனிய பின்னத்தின்படி அது 129.6 மில்லிமீற்றரில் நிற்க வேண்டும். கிற்றாரிலோ ஏறத்தாழ 133.7இல் நிற்கின்றது. நான்கு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட இடைவெளி. எல்லாச் சுருதியிலும் ஒரே கிற்றாரை வாசிக்கலாம் என்னும் வசதிக்காக மேனாட்டார் கொடுத்த விலை இது. தம் பாடலுக்கேற்ற கிற்றாரைத் தாமே செய்ய விரும்புவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியதும் இதுவே: எல்லோருக்கும் பொதுவான மெட்டா, தம் பண்ணுக்குரிய மெட்டா? விபுலானந்தரும் ஆபிரகாம் பண்டிதரும் விவாதித்த பொருள், இன்று கிற்றார் செய்யப் புகும் இளைஞரின் மேசையில் வந்து கிடக்கின்றது.

இனி மின்கிற்றார் பிறந்த கதையைக் காண்போம். 1920ஆம் ஆண்டுகளிலே அமெரிக்க நடன மண்டபங்களில் எக்காளங்களும் முரசுகளும் முழங்கின. அவற்றினிடையே கிற்றாரின் ஒலி அமிழ்ந்துபோயிற்று. அக்குறையைப் போக்க மின்சாரம் வந்தது. காந்தத்தைச் சுற்றி முடியினும் மெல்லிய செப்புக்கம்பியை 7000, 8000 சுற்றுச் சுற்றிய சுருளொன்றை எஃகு நரம்பின் கீழே வைத்தனர். நரம்பு அதிரும்போது காந்தப்புலம் அசைகின்றது. சுருளிலே மின்னோட்டம் பிறக்கின்றது. இத்தத்துவத்தை மைக்கேல் பரடே 1831ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தார். அதற்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1931இல், ஜோர்ஜ் போஷாம்ப் என்பார் மின்கிற்றாரின் மாதிரியொன்றை உருவாக்கினார். அடோல்ப் றிக்கன்பக்கருடன் சேர்ந்து மறு ஆண்டு அதனை விற்பனைக்குக் கொணர்ந்தார். வட்டமான உடலும் நீண்ட பிடியும் கொண்ட அதனைப் பொரிக்கும் தாச்சி என்றே மக்கள் அழைத்தனர்.

உட்குழிவான கிற்றாரிலே இச்சுருளைப் பொருத்தியபோது வேறொரு தொல்லை நேர்ந்தது. ஒலிபெருக்கியின் ஓசை குடத்தினுள்ளே புகுந்து, நரம்பை மீண்டும் அதிரச் செய்து, ஊளையொலியாக மாறியது. குடமே இல்லாவிட்டால் என்ன என்று சிலர் சிந்தித்தனர். 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் லெஸ் போல் என்னும் இசைஞர் நாலங்குலச் சதுரமான பைன் மரக்கட்டை ஒன்றிலே நரம்பைப் பூட்டி வாசித்தார். பார்ப்போரின் மனநிறைவுக்காக ஒரு பழைய கிற்றாரின் இருபாதிகளையும் கட்டையின் இருபுறத்தும் ஒட்டிக்கொண்டார். வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடை நடத்திய லியோ பெண்டர் 1950ஆம் ஆண்டு திண்மரக் கிற்றாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது என்பது குறிப்பிடத்தக்கது. கருவி செய்வோர் மரபுவழித் தொழிலாளராகவோ பெரும் வித்துவானாகவோ இருத்தல் வேண்டுமென்பதில்லை. அளக்கவும் கேட்கவும் தெரிந்தவராயிருத்தல் வேண்டும்.

முதன்முறை செய்வோருக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இங்கிலாந்திலே உண்டு. 1963ஆம் ஆண்டு பதினாறு வயது மாணவராயிருந்த பிரையன் மே, கடைக் கிற்றாரை வாங்கப் பணமின்மையால், மின்னணுத் துறையிற் பணியாற்றிய தந்தை ஹரோல்டுடன் சேர்ந்து வீட்டிலேயே ஒன்றைச் செய்யத் தொடங்கினார். பழைய கணப்படுப்பின் மேற்சட்டமாயிருந்த மரத்தைத் தண்டியாக்கினார். அதிலிருந்த புழுத்துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார். பழைய மோட்டார் சைக்கிளொன்றின் சுருள்வில்லும் தையற்பெட்டியில் கிடந்த முத்துச்சிப்பிப் பொத்தான்களும் அக்கருவியின் உறுப்புக்களாயின. வேலை ஏறத்தாழ இரண்டாண்டு நீடித்தது. பிற்காலத்தில் குவீன் என்னும் குழுவில் உலகப் புகழ்பெற்ற அவர், செல்வம் வந்த பின்னரும் அந்த முதற்கருவியையே தமது முதன்மைக் கருவியாகக் கொண்டார். 2007ஆம் ஆண்டு வானியற்பியலிலே கலாநிதிப் பட்டமும் பெற்றார். விஞ்ஞானம் கற்ற மனமே அவரையும் கருவி செய்யத் தூண்டியது.

கல்முனைக் கரையில் இத்தகைய முயற்சியில் இறங்குவோருக்கு வேண்டிய கைத்திறன் அயலிலேயே உண்டு. வீணைக்குப் பலாமரம் சிறந்தது என்பது தமிழர் கண்ட உண்மை. நன்கு உலர்ந்த பலாப்பலகையை இவ்வூர்த் தச்சர் இனங்காண்பர். பாவு நூல்கள் யாவும் ஒரே இறுக்கத்தில் நிற்காவிடின் துணி சுருங்கும் என்பதை மருதமுனை நெசவாளர் அறிவர். நரம்புக்கும் அதே நியாயம். ஆறு எஃகு நரம்புகளும் சேர்ந்து தண்டியை ஏறத்தாழ 45 கிலோகிராம் பாரத்துக்கு ஈடாக இழுக்கும். ஆகவே தண்டிக்குரிய மரத்தின் இழைகள் கணுவின்றி நேராக ஓட வேண்டும். தண்டியினுள்ளே இரும்புக்கோல் ஒன்றும் வேண்டும். மெட்டுக்களின் இடத்தைக் குறிக்கும்போது ஒவ்வொன்றையும் முந்திய மெட்டிலிருந்து அளத்தல் ஆகாது. எல்லாவற்றையும் தலைப்பிலிருந்தே அளத்தல் வேண்டும். இல்லையேல் முதல் மெட்டில் நேர்ந்த மயிரிழைப் பிழை பன்னிரண்டாம் மெட்டுக்குள் பெரும் பிழையாக வளர்ந்துவிடும். குடத்தின் வளைவிலே ஒரு விரற்கடை பிழைத்தாற் கருவியின் தோற்றமே கெடும். மெட்டிலே ஒரு மில்லிமீற்றர் பிழைத்தால் இசையே கெடும்.

யாழ் செய்வோருக்கு இந்த எச்சரிக்கை இன்னும் கடுமையானது. கிற்றாரை முதன்முறை செய்வோர் பக்கத்திலே ஒரு நல்ல கிற்றாரை வைத்துக்கொண்டு அளந்து பார்க்கலாம். விபுலானந்தருக்கு அளந்து பார்க்க ஒரு யாழும் இருக்கவில்லை. நூலிலே ஒரு சொல்லைப் பிழையாக உணர்ந்தால் கருவியிலே ஓர் உறுப்புப் பிழையாகும். அதனைத் திருத்த மூலக்கருவி எங்கும் கிடையாது. இதனாலேயே அவர் மரத்துக்கு முன்னே சொல்லையும், சொல்லோடு எண்ணையும் வைத்து ஆராய்ந்தார். அவருடைய யாழ்நூல் பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு பகுதிகளாக அமைந்தது. உறுப்பை முதலில் வைத்து, நரம்பின் கணக்கை அடுத்து வைத்து, பண்ணைப் பின்னே வைத்த அம்முறை கருவி செய்வோரின் வேலைமுறையும் ஆகும். ஆயினும் அந்நூல் வெறுங்கணக்காக முடியவில்லை. மட்டக்களப்பு வாவியின் நீரடியிலே எழும் இசையை நீரரமகளிரின் பாட்டாகக் கற்பனை செய்து அவர் பாடிய செய்யுட்களும் அதில் உள. அவ்வாவி தெற்கே கல்முனையை நோக்கி நீண்டு கிடப்பது. பிறந்த மண்ணின் ஒலி கணக்கினூடும் அவர் செவியில் ஒலித்துக்கொண்டிருந்தது.

1947ஆம் ஆண்டு ஜூன் மாதம், தஞ்சை நாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலிலே யாழ்நூல் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. அவருடைய குறிப்புக்களின்படி ஆக்கப்பெற்ற முளரியாழும் சுருதிவீணையும் வேறு கருவிகளும் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டன. வீணை வித்துவான் க. பொ. சிவானந்தம்பிள்ளை அங்கே யாழை மீட்டினார். பல நூற்றாண்டுகளாகச் சொல்லாக மட்டும் இருந்தது அன்று ஒலியாகச் சபையினரின் செவியில் விழுந்தது. அவ்வரங்கேற்றம் நிகழ்ந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில், 1947 ஜூலை 19ஆம் நாள், விபுலானந்தர் மறைந்தார். நூல் சில மாதம் தாமதித்திருந்தால் அக்கணக்கு அவருடனேயே போயிருக்கக்கூடும். யாழ் இரண்டாம் முறையும் மறைந்திருக்கும்.

அவர் செய்வித்த யாழ்தான் பண்டைப் பாணரின் யாழ் என்று அறுதியிட்டுக் கூற எவராலும் இயலாது. நூற்சொல்லுக்கு அவர் கொண்ட பொருளிலும் 22 அலகுக் கணக்கிலும் கருத்து வேறுபட்டோர் உளர். யாழ் மீண்டும் கச்சேரி மேடையின் அன்றாடக் கருவியாகவும் ஆகவில்லை. இவற்றை மறைப்பது அப்பெரியாருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர் சாதித்தது வேறு. யாழைப் பற்றிப் பேசுவோர் அதுவரை உவமைகளைப் பற்றியே பேசினர்; அவருக்குப் பின் வந்தோர் நீளத்தையும் பின்னத்தையும் பற்றிப் பேச வேண்டியவராயினர். அவரை மறுப்போரும் அளவுகோலோடுதான் வர வேண்டும்.

அவ்வாறு அளவுகோலோடு வந்தோரும் உளர். நம் காலத்திலே சென்னையில் உரு என்னும் பெயரோடு இசைக்கருவிப் பட்டறை நடத்தும் தருண் சேகர், கிற்றார் செய்யப் பழகிய கையினால் யாழையும் செய்து, 2021ஆம் ஆண்டு வெளியான ஒரு பாடலிலே அதன் ஒலியைக் கேட்கச் செய்தார். கிற்றாரின் மெட்டை அளந்த கை யாழின் நரம்பையும் அளந்தது. காரைதீவிலே பிறந்தவர் இலக்கியத்திலிருந்து கருவிக்கு வந்தார். பின்வந்தவர் கருவியிலிருந்து இலக்கியத்துக்குச் சென்றார். பாதை இரண்டும் ஒரே இடத்திற் சந்திக்கின்றன.

முதற்கருவி குறையின்றிப் பிறப்பது அரிது. ஒரு நரம்பு மெட்டிற் பட்டு இரையும். ஒரு பிரடை நழுவும். சுருளிலிருந்து வேண்டாத முரலொலி எழும். இவற்றைக் கேட்டு மனம் உடைந்து கருவியை மூலையில் சாத்திவிடுவோர் உண்டு. எங்கே பிழை நேர்ந்தது என்று மீண்டும் அளந்து பார்ப்போரும் உண்டு. கற்றறிந்த பேராசிரியர் ஒருவரே முன்மாதிரியற்ற கருவியொன்றுக்காக 14 ஆண்டு கணக்குப் போட்டார் என்றால், பலகையும் கம்பியும் கையிலெடுக்கும் இளைஞர் இரண்டொரு ஆண்டு பொறுத்திருப்பது பெரிதன்று. மருதமுனையிலோ நிந்தவூரிலோ ஒரு வீட்டுத் திண்ணையில் அத்தகைய முயற்சி தொடங்குமாயின், அங்கே முதலில் எடுக்க வேண்டியது வாளன்று, அளவுகோலே. அதைக் கையிலேந்தும் எவரும், எச்சமயத்தவராயினும், அந்தக் கரையிலே பிறந்த ஒரு முன்னோரின் வழியிலேயே நடக்கின்றனர்.